பத்து நிமிட அசதி

செவ்வாய்க் கிரகத்தில் யாரும் யார் வாக்கையும் சும்மா நம்புவதில்லை. பிள்ளைக்குப் பல்வலி என்றால் வாத்தியார் நெற்றியில் உணர்பட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த வலியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்த்து, கன்னத்தைப் பிடித்தபடியே லீவு எழுதிக் கொடுப்பார். வாங்குவது நகல்தான், கொடுத்தவருக்கு ஒரு குன்றிமணியும் குறையாது. "சும்மா நடிக்கிறா" என்று சொல்லியே பெண்களைச் சாகடித்த பூமிப் பழக்கத்தை ஒழிக்க வந்த சட்டம் என்று அதைப் பாடப் புத்தகத்தில் வேறு பெருமையாகப் போட்டிருந்தார்கள். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய சுடர்க்கொடி அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதியவள்தான்.

காற்றுக்குழாய் வழியாகப் பரவிய குழாய்க் காய்ச்சல் அவளை ஒன்பது நாள் பிடித்திருந்தது. விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. காய்ச்சல் போனது, அசதி போகவில்லை. தலை வாரினால் கை கனத்தது. பாசிப்பண்ணையில் ஒரு ஷிப்ட் நின்றால் மறுநாள்கூட இல்லை, அதற்கும் மறுநாள் உடம்பு பழிவாங்கியது. ரத்தம் சுத்தம், நுரையீரல் சுத்தம் என்றே எல்லா அறிக்கையும் சொன்னது.

மிச்சமிருந்தது மறுவாழ்வுக் கூடம். பன்னிரண்டு வாரம், மூச்சுப் பயிற்சி, படுத்தபடி காலை இரண்டே முறை தூக்குவது, களைக்கும் முன்பே ஓய்வு. சேர வேண்டுமானால் ரத்த உறவோ தாலி உறவோ ஒருவர் அவள் அசதியைப் பத்து நிமிடம் வாங்கிச் சாட்சி சொல்ல வேண்டும். ரத்த உறவெல்லாம் பூமியில் இருந்தது. கணவன் பரந்தாமனுக்கு அந்தப் பத்து நிமிடம் பதினோரு மாதமாகக் கிடைக்கவில்லை. நேற்றுக் கஞ்சி வடிக்கும்போது அவள் கை நழுவி அவன் காலில் கொட்டிவிட்டது. இன்று கிடைத்தது. கூடத்தில் ஒரே கட்டில் காலி. அது தவறினால் திங்கட்கிழமை அவள் பாசிப்பண்ணைக்குத் திரும்ப வேண்டும்.

"வலின்னா சொல்லுங்க டாக்டர், வாங்கிக்கிறேன். இது வெறும் அசதி. வேலைக்குப் போற எல்லாருக்கும் உள்ளதுதானே," என்றான் பரந்தாமன், இயன்முறை மருத்துவர் நவநீதத்திடம்.

"அப்ப சுலபமா முடிஞ்சிரும். படுத்துக்கிறீங்களா?"

"இதுக்குப் போய் படுக்கணுமா?"

உட்கார்ந்தே வாங்கினான். இரண்டாம் நிமிடம், விளக்கை யார் குறைத்தது என்று கேட்டான். யாரும் குறைக்கவில்லை. நாலாம் நிமிடம் தண்ணீர்க் குவளையைத் தூக்கப் போய், பாதியில் கை மடியில் விழுந்தது. ஆறாம் நிமிடம் "கழட்டுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த ஒரு சொல்லுக்கு மூச்சு பத்தவில்லை. ஈரத்துணி மாதிரி நாற்காலியிலிருந்து சரிந்தான்.

சுடர்க்கொடிக்குப் பரிதாபமாக இல்லை. ஒளிப்பானேன், இனித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

கட்டில் யாருக்கென்று முடிவு செய்யும் மருத்துவக் குழு சுவர்த்திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூன்று ஆண்களும் அவன் அளவுகளைப் பார்த்துப் பதறிப்போனார்கள். "ஆரோக்கியமான மனுஷன், ஆறே நிமிஷத்துல இப்படி ஆயிட்டாரே. உடனே இவர அந்தக் கட்டில்ல சேர்த்துருங்க. பன்னெண்டு வாரமும் இருக்கட்டும்."

"ஒரு மணி நேரத்துல அவருக்குத் தானா தெளிஞ்சிரும் சார்," என்றாள் நவநீதம். "அவர் வாங்குனது நகல். நோய் இங்க நிக்குது."

"நிக்குதுல்ல? அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் நடுவில் இருந்தவர். "பதினாலு மாசமா இத வச்சுக்கிட்டு நடந்து வந்திருக்காங்க. மறுவாழ்வுங்கிறதே உடம்பப் பழக்குறதுதானம்மா. இவங்களுக்குப் பழகிடுச்சு. அவருக்குத்தான் பழக்கம் இல்ல."

"எனக்குப் பழகல சார்," என்றாள் சுடர்க்கொடி. "எனக்கு வேற வழி இல்ல. ரெண்டும் ஒண்ணில்ல."

"அதுக்குச் சாட்சி இருக்காம்மா?"

சாட்சியைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தில், துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில், இயந்திரமே அவள் பெயரை அச்சடித்திருந்தது.

நவநீதம் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் பரந்தாமன் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"எப்படி கொடி இத்தனை நாள் இதத் தாங்குன?"

பதினாலு மாதமாக அவள் காத்திருந்த கேள்வி. மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள். "இத அவங்ககிட்ட சொல்லுங்க. இப்பவே. திரை இன்னும் அணையல."

பரந்தாமன் திரையைப் பார்த்தான். மெத்தையை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

"சொல்றேன், சொல்றேன். பன்னெண்டு வாரம் இருக்கே. முதல்ல உடம்பு தேறட்டும்." கண்ணை மூடிக்கொண்டான். "இந்தத் தலையணைய கொஞ்சம் ஏத்தி வை."

அவள் வாயில் அவனுக்கென்று ஒரு நல்ல கெட்ட வார்த்தை தயாராக இருந்தது. அது வெளியே வருவதற்குள், அவளைக் கேட்காமலே, கை தலையணைக்குப் போயிருந்தது.