நான்கு நாழி நெல்

மேற்றிசையில் கதிரவன் மறைந்து கீழ்த்திசைக் கடலின்மேல் முழுமதி எழுந்த வேளையில், வெண்மணற்பட்டினத்து உப்பளங்களின் கரையில் மலைமலையாய்க் குவிந்திருந்த உப்பு அம்பாரங்கள் வெள்ளிக் குன்றுகளெனப் பளபளத்தன. வாசகர்களே, அந்த அழகை ரசிக்கும் நிலையில் வெண்காடி இல்லை. உப்பு வாருவோரின் தலைவியான அவளுடைய வயிறு இரண்டு நாளாகக் காய்ந்திருந்தது; நெஞ்சோ கொதித்தது.

கொதிக்காதா? பகைவர் எரித்த செங்குன்றக் கோட்டையிலிருந்து ஆயிரம் குடிகள் இவ்வூரில் அடைக்கலம் புகுந்தபோது, முதலில் தன் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவள்தான். மூன்றே மாதம்! அங்காடியில் அரிசி விலை இருமடங்காயிற்று. நாளொன்றுக்கு நான்கு நாழி நெல் கூலி பெற்ற உள்ளூராரை விரட்டிவிட்டு, அடைக்கலம் வந்தவர்களை இரண்டு நாழிக்கு வேலையில் இறக்கிவிட்டார் உப்பள அதிகாரி விழுப்பேரரையர். ஊரார் வந்தவர்களைச் சபித்தார்கள். அதிகாரியை ஒருவரும் சபிக்கவில்லை. அதுதானே உலக வழக்கம்!

வந்தவர்களின் தலைவன் காரிமாறன், முன்னாள் கோட்டைக் காவலன், வரப்பில் எதிர்ப்பட்டான்.

"எங்கள் கஞ்சியைக் குடித்துவிட்டு எங்கள் வயிற்றிலேயே அடித்துவிட்டீரே, வீரரே! பகைவரிடம் காட்டத் துப்பில்லாத வீரத்தை எங்கள் சோற்றுப் பானையிடமா காட்டுகிறீர்?" என்று சீறினாள் வெண்காடி.

அவன் முகம் சிவந்தது. "அம்மணி, எங்களோடு ஒரே உப்புப் பாத்தியில் கால்வைக்க மறுத்து, உங்களூரார் தாங்களாகவே விலகிவிட்டதாகச் சொன்னார் அதிகாரி. இவ்வூர்க் கூலியே இரண்டு நாழிதான் என்றும் சொன்னார். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் விசாரிப்பேன்?"

"நான்கு நாழி பெற்ற எங்களை விரட்டியவரே அவர்தானே!" என்றாள் வெண்காடி. இத்தனை நாளும் தவறான ஆளையல்லவா திட்டித் தீர்த்திருக்கிறாள்!

அந்நேரம் கருமேகம் நிலவை விழுங்கிற்று. மழை பிடித்தால் அரண்மனைக்குப் போகவேண்டிய உப்பு முழுவதும் கரைந்து ஓடிவிடும். குதிரையில் பறந்துவந்த விழுப்பேரரையர் இரு கூட்டத்தாரையும் களத்தில் கூட்டி, "அம்பாரங்களை ஓலையால் மூடவேண்டும்! ஒரு நாழிக்கு யார் வருகிறீர்கள்? ஊராரா, வந்தேறிகளா?" என்று ஏலம் விட்டார்.

ஒரு நாழி! அதற்கும் உள்ளூர்க் கிழவர் ஒருவர் ஓலையை எடுக்கக் குனிந்தார். வெண்காடி அவர் கையைப் பற்றி நிறுத்தினாள். காரிமாறனும் தன் ஆட்களின் முன்னே கைகளை விரித்து நின்றான்.

மழைத்துளிகள் விழத் தொடங்கின.

"சரி, இரண்டு நாழி!" என்றார் அதிகாரி.

வெண்காடி ஒரு பிடி உப்பை அள்ளி உயர்த்தினாள். "நான்கு நாழி! ஊராருக்கும் நான்கு, வந்தாருக்கும் நான்கு. அதற்கு நீர் ஒப்பும்வரை எங்கள் இரு கூட்டத்திலும் ஒரு கைகூட உமது ஓலையைத் தொடாது. இது இந்த உப்பின்மேல் ஆணை!"

"ஆணை!" என்று அவள் கைமேல் தன் கையை வைத்தான் காரிமாறன். களம் முழுவதும் அந்தச் சொல்லை முழங்கிற்று.

மழை கொட்டியது. "மூன்று! மூன்று நாழி!" என்று விழுப்பேரரையர் கதறியபோது, முதல் அம்பாரம் சரிந்து வாய்க்காலில் கரைந்து ஓடியது. ஒருவரும் அசையவில்லை.