காலி மேடையின் எடை

கழுத்து வலித்தது. இடது காதுக்குக் கீழே, மூட்டை சுமந்தவனுக்கு வலிக்கிற மாதிரி. எடைக்காரர் மூட்டையை இறக்கி வைத்து இருபது வருஷமாகிறது. ஜல்லிக் கிடங்கின் எடைமேடைக்குப் பக்கத்தில், மூன்று படி ஏறிப் போகிற தகர அறையில் உட்கார்ந்து, மேடையை மானிட்டரில் பார்த்து, லாரிக்குப் பச்சை விளக்குப் போட்டு, எடை குறிப்பதுதான் இப்போது வேலை. மானிட்டர் நேர் எதிரே. இடது பக்கம் ஜன்னல். அவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அந்தப் பக்கம்தான் வலி.

ஒரு வாரமாக மேசையில் அகல மானிட்டர். பழைய சதுர மானிட்டர் துணி போர்த்திக் கீழே கிடந்தது. எது வேண்டுமென்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"பழசு ரெண்டு ஓரத்தையும் வெட்டிடும்ணே. இதுல மேடை முழுசா தெரியுது. பொண்ணு பாக்கற மாதிரி என்ன யோசனை?" என்றான் மானிட்டர் மாட்ட வந்தவன்.

ஓரம் தெரியவில்லை என்று முறையிட்டவரே எடைக்காரர்தான். மூன்று மாதத்துக்கு முன், மேடையின் இடது ஓரத்தில் சிந்திய ஜல்லியைக் கூட்டிக்கொண்டிருந்த நெட்டையன் மேல் லாரி பின்னால் வந்து ஏறியது. விசாரணையில் இவர் சொன்னார்: "எந்திரிச்சு ஜன்னல்ல பாத்துட்டுத்தாங்க பச்சை போட்டேன். யாரும் இல்ல. மானிட்டர்ல ஓரம் தெரியாதுங்க." பச்சை விழுந்த பிறகு நெட்டையனே குறுக்கே போனான் என்று எழுதி மூடினார்கள். செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப்போகிறான்?

இப்போது மேடையைக் கூட்டுவது நெட்டையன் மனைவி. படி கூட்டும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"ஏண்ணே, எந்திரிச்சுப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேம்மா."

"அப்ப அந்த மனுசனுக்குத்தான் கண்ணு பின்னால பொடனியில இருந்திருக்கு."

சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போவாள்.

அகல மானிட்டர் வந்த முதல் நாள், படத்தின் இடது ஓரத்தில் உயரமாக ஒரு நிழல். விளக்குக் கம்பம் என்று நினைத்தார். மறுநாள் அதன் கையில் துடைப்பம் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து காலையில் மிஷினைப் போட்டால் காலி மேடை அறுபது கிலோ காட்டியது. அவள் ஒரு கல் விடாமல் கூட்டிய பிறகும் அறுபது. தினமும் பொத்தானை அழுத்தி எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு லாரியை ஏற்றினார். இன்று காலையும் அப்படித்தான்.

"பழசே போதும். மாட்டிட்டுப் போ."

"உங்க இஷ்டம்ணே. குதிரைக்கு மறைப்புக் கட்டின மாதிரிதான் இருக்கும்" என்று மாட்டிவிட்டுப் போனான்.

உச்சி வெயில். லாரி எதுவும் இல்லை. அவள் சாப்பிடப் போயிருந்தாள். சதுரப் படத்தில் வெறும் இரும்பு மேடை, நடுவில் எண்ணெய்க் கறை, ஓரங்கள் இல்லை. வாரம் முழுதும் அடக்கி வைத்திருந்த மூச்சை எடைக்காரர் மெல்ல விட்டார். தகரம் வெயிலில் படபடத்தது. எடை மிஷினில் எண் மாறியது.

மைனஸ் அறுபது.

மேடையில் பாரம் நிற்கும்போது பூஜ்யமாக்கினால், அது இறங்கியதும் மைனஸ் காட்டும். இருபது வருஷத் தொழில். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறங்கிவிட்டது.

சரக். துடைப்பம் ஜல்லியில் இழுபடும் சத்தம். சரக். முதல் படி. டீசல் வாடை, ஈரக் கல்தூசி வாடை. இரண்டாம் படி.

மூன்றாம் படி ஏறவில்லை. சத்தம் சுவரை ஒட்டி இடது பக்கம் போனது. ஜன்னல் பக்கம்.

மேசை மேல் நிழல் விழுந்தது. நீளமான நிழல்.

அவர் எழவில்லை. அன்றும் எழவில்லை. கையில் டீ இருந்தது, கால் கடுத்தது, உட்கார்ந்தபடியே பச்சை போட்டார்.

கழுத்து தானாகத் திரும்பியது. வலித்தது. நிற்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு முதுகு ஒட்டி நின்றது. டயர் பதிந்த சட்டை. அதற்கு மேல், முதுகுப் பக்கமாக முறுகிய கழுத்தில், நெட்டையனின் முகம். கண் இமைக்காமல் அவரையே பார்த்தது.

படி கூட்டுகிற பெண்ணுக்கு அவர் தர வேண்டியது ஒரு வார்த்தை. எழுந்து பார்க்கவில்லை என்ற ஒரு வார்த்தை. அது இன்னும் பாக்கி.