விலகாத விரல்கள்

சாப்பிட உட்கார்ந்த இன்பராஜின் சட்டைக் காலர் தானாக அசைந்தது. ஆம்பூரில் கரண்ட் போன மத்தியானம். ஃபேன் ஓடவில்லை, தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்பு நாற்றத்தைத் தவிர ஜன்னல் வழியே காற்றுகூட வரவில்லை. அந்தக் காலர் மட்டும், உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல், எழும்பித் தாழ்ந்துகொண்டே இருந்ததை மனைவி ஹெலன் கரண்டியும் கையுமாகப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னாங்க அது, கழுத்துல?"

"நெறி கட்டிக்கினு கீது. வலி கம்மிதான்."

தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கம், எலுமிச்சம்பழ அளவில், சூடாக ஒன்று அவள் விரலைத் திருப்பித் தள்ளியது.

மறுநாள் கிளினிக் டாக்டர் சீழ்க்கட்டி என்று ஊசியால் குத்தினார். சீழ் வரவில்லை. செக்கச்செவேலென்று ரத்தம் அவர் கண்ணாடியில் பீய்ச்சியடித்தது. அழுத்திப் பிடித்துக்கொண்ட அவர் முகம் வெளுத்துப்போனது.

"கட்டி இல்லம்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கு. இப்ப கிழிஞ்சிடுச்சி. வேலூர்ல தொடை வழியா குழாய் விட்டு, உள்ளேர்ந்து அடைப்பாங்க. அதுவரைக்கும் கைய எடுக்காதீங்க."

அவர் கை இருந்த இடத்தில் அவள் கையை வைத்தார்.

ஆம்புலன்சில் டிரைவரைத் தவிர வேறு ஆளில்லை. பள்ளிகொண்டா டோல்கேட்டில் லாரிகள் நகரவில்லை. சைரன் மட்டும் அலறியது. டீசல் புகையோடு ரத்த வாடை. விரலிடுக்கில் வெதுவெதுப்பாகக் கசிந்தது. பலமாக அழுத்தினாள். நின்றது.

"ஹெலன், தண்ணி... த... தோ..."

வாயின் வலது ஓரம் தொங்கியது. வலது கை ஸ்ட்ரெச்சரை விட்டு விழுந்தது.

டிரைவர் விஷயத்தைச் சொல்லி நீட்டிய போனில் வேலூர் டாக்டரின் குரல்: "மூளைக்கு ரத்தம் போகலம்மா. கொஞ்சம் தளர்த்துங்க."

தளர்த்தினாள். மடியெல்லாம் ரத்தம்.

"நிக்கல சார்!"

"அழுத்துங்க!"

அழுத்தினாள். அவன் கண்ணில் ஏதோ அணைந்தது.

தளர்த்தினாள். ரத்தம்.

அழுத்தினாள்.



லாரி நகரவில்லை.

அவனுடைய இடது கை மெல்ல எழுந்தது. அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்தாள்.

இல்லை.

அவள் முகத்தையே பார்த்தபடி, கழுத்தை அழுத்தியிருந்த சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினான்.

பிறகு, அடுத்த விரலை.