ஒரே ரத்தம், இரண்டு எண்கள்

செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.14.

தையல்கார அம்மாவின் வீட்டுக்குள் ஓடிய ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் பார்த்தது தலையில்லாத ஏழு பெண்களை. அளவு பார்க்க வைத்திருக்கும் துணிப் பொம்மைகள்தான். ஆனாலும் திரை போட்ட அந்த அறையில், பாதி தைத்த உடுப்புகளை மாட்டிக்கொண்டு அவை கட்டிலைச் சுற்றி நின்றது, துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் நிற்பது போல இருந்தது. கட்டிலில் கிடந்தவளுக்குத் தலை இருந்தது. கண்ணும் பாதி திறந்திருந்தது. பார்வைதான் இல்லை.

ஓட்டுநர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "கையில எறும்பு ஏறுது பாரும்மா. முடிஞ்சு போச்சோ?"

"மூச்சு இருக்குண்ணே. ஆக்சிஜனை எடுங்க."

சொன்னவளுக்கு ஆம்புலன்ஸ் நிலையத்தில் 'மனப்பாடம்' என்று பெயர். மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம். எந்த நோயாளிக்கு வண்டியில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று டாக்டர்கள் எழுதி வைத்த நிலையாணைப் புத்தகம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கிண்டலுக்கு வைத்த பெயரை அவள் விருது மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தலைமாட்டில் நோயாளியின் தங்கை நின்றாள். "எட்டு மணிக்கு மாமா அக்காவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு வேலைக்குப் போனாரு. பதினோரு மணிக்கு எழுப்பினேன், எழுந்திரிக்கல." சொல்லிக்கொண்டே அக்காவின் கையில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள்.

வலது கை போர்வைக்குள் இறுகச் சுற்றிக் கிடந்தது. இடது கை மட்டும் வெளியே, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருந்தது. மனப்பாடம் அதன் மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு லேசாக ஒட்டி இழுத்தது. வியர்வைப் பிசுக்கு என்று விட்டுவிட்டாள். குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தாள். விரலுக்குப் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். சர்க்கரை பார்க்கும் கருவி 412 காட்டியது.

அவள் மனசு உறுத்தியது. நோயாளியின் நெற்றி சில்லிட்டு வியர்த்துக் கொட்டியது. சர்க்கரை இறங்கியவர்களுக்குத்தான் அப்படி வியர்க்கும். ஆனால் நிலையாணை தெளிவாக இருந்தது: எண் எழுபதுக்குக் கீழே என்றால் குளுக்கோஸ் ஏற்று, மேலே என்றால் ஏற்றாதே. உடம்பு ஒன்று சொன்னது, எண் ஒன்று சொன்னது. அவள் எண்ணை நம்பினாள்.

11.52. மருத்துவமனையில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 18. அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குள் மூளை செத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தையல்கார அம்மா போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை, பிற்பகல் 2.10.

வெளியே பனியும் இல்லாத மழையும் இல்லாத ஒரு சாம்பல் வெளிச்சம். நிலையத்தில் யாரும் மனப்பாடத்தின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எதிரே மேற்பார்வை மருத்துவரும் ஓர் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சுவரை வெறித்தபடி அசையாமல் இருப்பார், பேசுமுன் நாக்கால் 'இச்' கொட்டுவார். அவருக்குப் 'பல்லி' என்று பெயர் வைத்த போலீஸ்காரருக்குக் கற்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

"கருவியைச் சோதிச்சாச்சு, சரியா இருக்கு," என்றார் மருத்துவர். "லேப்ல ரெண்டு தடவை பாத்தாச்சு, அதுவும் சரி. மிச்சம் இவதான். வேற யாரோட ரத்தத்தையோ வச்சுப் பாத்திருக்கா. நாலு மணிக்கு இவளை வேலையிலிருந்து நிறுத்துற ஆணையில கையெழுத்துப் போடப் போறேன்."

இச். "வண்டியில இன்சுலின் உண்டா?"

"கிடையாது சார்," என்றாள் மனப்பாடம். "எங்க நிலையாணையில இல்ல."

"செத்துப்போனவங்க உடம்புல வழக்கத்தைவிடப் பல மடங்கு இன்சுலின் இருந்திருக்கு. வயித்துல ஒரு ஊசித் தடம், அது காலையில புருஷன் போட்டது. இடது தோள்ல இன்னொண்ணு, அது யாருக்கும் தெரியல."

"புருஷன்தான் சார்!" கதவோரம் நின்ற ஓட்டுநர் பொறுக்காமல் புகுந்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்த ஆளு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் மகன்கிட்ட போறதா இருந்தோம், எல்லாம் போச்சுன்னு கத்துனாரு, அவ்வளவுதான். அந்தத் தங்கச்சியைப் பாக்கணுமே! அக்கா கையைக் கழுவிவிடுறேன், கையைக் கழுவிவிடுறேன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சிக்கிட்டே இருந்துச்சு. ட்ரிப்ஸ் ஏறுதுன்னு நர்ஸ் பக்கத்துலயே விடல. பெத்த வயிறுகூட அப்படித் துடிக்காது."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார்.

"இன்னொரு விஷயம்," ஓட்டுநரின் குரல் கம்மியது. "சொன்னா சிரிப்பீங்க. அந்தம்மா இன்னும் வண்டியை விட்டு இறங்கல சார்."

2.35.

நேற்று மாலையே சீல் வைத்து, கழுவக்கூட விடாமல் ஓரங்கட்டியிருந்த வண்டி. பின்கதவைத் திறந்ததும் அடைபட்ட காற்று முகத்தில் வந்து மோதியது. ஸ்ட்ரெச்சர் விரிப்பில் ஒரு பெண் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. சக்கரத்திலிருந்து இடது பக்கக் கம்பி வழியே ஒரு கறுப்புக் கோடு ஏறிப்போய், விரிப்பின் ஓரத்தில் நாணயம் அளவு இடத்தை மொய்த்துக்கொண்டிருந்தது. எறும்புகள். அந்த ஒரே இடம். மற்றபடி விரிப்பு முழுக்கச் சுத்தம்.

ஆள் போன பிறகும் எறும்புகள் அவளைத் தேடி வந்தது போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இந்த இடத்துல என்ன கிடந்துச்சு?"

"அவங்க இடது கை சார்."

"வலது கை?"

"போர்வைக்குள்ள."

இச். "அந்த வீட்டுக்கு முன்னாடி போயிருக்கியாம்மா?"

"மூணு வாரம் முன்னாடி. அன்னிக்கு 41 இருந்துச்சு. குளுக்கோஸ் ஏத்தின பத்தாவது நிமிஷம் எழுந்து உக்காந்து, என் கத்தரிக்கோலை யாருடி எடுத்ததுன்னு கேட்டாங்க."

"அன்னிக்குக் கூட யாரு?"

"தங்கச்சி மட்டும். அவங்க வீட்டுக்காரரு வெளியூர்ல இருந்தாரு."

"தங்கச்சி ஏதாவது கேட்டாங்களா?"

"ஏன் இந்த விரல்னு கேட்டாங்க. அதிகம் வேலை செய்யாத விரல், வலி கம்மி, எங்க நிலையாணைப்படி எப்பவும் இடது மோதிர விரல்தான்னு சொன்னேன். எண் அதிகமா இருந்தா என்ன செய்வீங்கன்னாங்க. அப்ப குளுக்கோஸ் தொடவே மாட்டோம்னு..." அவள் வண்டிப் படியில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் பிணவறைக்குப் போன் போட்டார். "இடது மோதிர விரல்ல பிளாஸ்திரி இருக்கா? நல்லது. டாக்டர் வந்துதான் பிரிக்கணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

3.40.

தங்கை தானாகவே நிலையத்துக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மனப்பாடத்தைப் பார்த்ததும் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பப் போறதாக் கேள்விப்பட்டேன் சார். பாவம், இவங்க மேல தப்பே இல்ல. விதிப்படிதானே செஞ்சாங்க?"

"ஆமா, விதிப்படிதான் செஞ்சா," என்றார் இன்ஸ்பெக்டர். "அதை நம்பித்தானே நீங்க செஞ்சீங்க?"

பற்றியிருந்த கை தளர்ந்தது.

"கருவி பொய் சொல்லல, லேப் பொய் சொல்லல, இந்தப் பொண்ணும் பொய் சொல்லல. விரல்தான் பொய் சொல்லுச்சு. சர்க்கரைப் பாகு தடவிக் காயவிட்ட விரல். ஸ்பிரிட் பஞ்சுக்குக் கிருமி சாகும், பாகு முழுசாப் போகாது. பஞ்சு ஒட்டி இழுத்தப்ப இவளுக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியல. எறும்புக்குத் தெரிஞ்சுது."

"வீட்டுல மாமாவும் இருந்தாரே..."

"அவரா இருந்தா பத்து விரல்லயும் தடவியிருப்பாரு. எந்த விரல்ல குத்துவாங்கன்னு அவருக்குத் தெரியாது. அன்னிக்கு அவரு ஊர்லயே இல்ல. கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது நீங்க. வலது கையைச் சுத்தி வச்சு, இடது கையை எடுத்து நீட்டி வச்சதும் நீங்க. ஆஸ்பத்திரியில கையைக் கழுவிவிடணும்னு துடிச்சதும் நீங்க. எல்லாரும் அதைப் பாசம்னு நினைச்சாங்க."

"கையில என்ன இருந்துச்சுன்னு யாரு பாத்தா?" அவள் குரலில் இப்போது அழுகை இல்லை.

"குத்தினதும் பஞ்சு வச்சுப் பிளாஸ்திரி ஒட்டணும்னு இவங்க புத்தகத்துல இருக்கு. இவ ஒரு விதியையும் விடுற ஆளில்ல. நீங்க தடவினது அதுக்கடியில பத்திரமா இருந்துச்சு. அரை மணி நேரம் முன்னாடி பிரிச்சுப் பாத்துட்டாங்க."

தங்கை சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"இருபது வருஷம் அந்த வீட்டுல பித்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்தேன், பித்தான் தச்சேன், சமைச்சேன். வீட்டை வித்துட்டு மகன்கிட்ட போறோம்னு அக்கா சொன்னா. நான் எங்கே போவேன்னு கேட்டேன். எங்கயாவது பாத்துக்கோன்னு சொல்லிட்டு ஊசியில நூல் கோத்தா. தலை நிமிரல. நேத்து மாமா போனதும் தூங்கினா. தோள்ல இன்சுலின் போட்டேன். எறும்பு கடிச்ச மாதிரி லேசாச் சொறிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்தா."

4.05.

போலீஸ் ஜீப் போன பிறகு மேற்பார்வை மருத்துவர் அந்த ஆணையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். மேசையில் இருந்த பேனாவை இரண்டு முறை நகர்த்தி வைத்தார்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதேம்மா. உன் மேல தப்பே இல்ல. விதிப்படிதானே செஞ்சே?"

மனப்பாடம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையேதான் சார் அவங்களும் சொன்னாங்க."

அவள் அவர் முன்னால் இருந்த பேனாவை எடுத்தாள். ஆறு வருடத்தில் ஒரு கீறல்கூடப் போடாத நிலையாணைப் புத்தகத்தைத் திறந்து, சர்க்கரைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'முதலில் விரலைத் தண்ணீரில் கழுவு. வியர்வை ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால், மற்ற கையில் திரும்பப் பார்.' எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி மருத்துவர் பக்கம் தள்ளினாள்.