கானில் இறங்காதவர்

சலாம் வைத்துக் குனிந்த பெண்கள் இன்னும் நிமிரவில்லை.

ஞானரட்ணம் அவர்களைத் தாண்டி வந்துவிட்டார். தொரை எதிரே வந்தால் குடையை மடக்கி, ரோட்டை விட்டுச் சாலையோரத் தண்ணீர் வாய்க்காலான கானுக்குள் இறங்கி, தலைகுனிந்து நிற்பது தேயிலைத் தோட்டத்து வழக்கம். தொரை தாண்டியதும் ஏறிப் போகலாம். கிளாக்கராக இருந்த காலமெல்லாம் அவரும் கான் தண்ணீரில் காலுறையை நனைத்தவர்தான். போன மாதம் லிந்துலைப் பக்கம் சின்னத்தொரையாக உயர்ந்ததும், இனி எந்தக் கானிலும் இறங்குவதில்லை என்று மனைவி ஐவியின் வேதாகமத்தில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அந்த உயர்வைக் கொண்டாடத்தான், வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்தில் புகைக்கூண்டும் குதிரைப் பந்தயத் திடலுமாகக் கட்டிப்போட்ட நுவரெலியாவுக்கு இருவரும் வந்திருந்தார்கள். வாடகை பங்களா, செத்துப்போன மெக்ரே தொரையுடையது. கதவுக்குப் பின்னால் தொங்கிய மெக்ரேயின் கனத்த கோட்டைத்தான் ஞானரட்ணம் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அதன் தோள்கள் அவருடைய முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தன. கம்பீரம் கொஞ்சம் தாராளமாகத்தானே இருக்கும்.

"போதும், ஏறிப் போங்க," என்றார், பெருந்தன்மையோடு.

ஒருத்தியும் அசையவில்லை. சாயங்கால மூடுபனி ஏரிப் பக்கமிருந்து எழுந்து, சைப்ரஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு, ஈர நாயின் வாடையும் பழைய சுருட்டின் வாடையுமாக ரோட்டை நிறைத்தபோது, அதற்குள்ளிருந்து ஆணியடித்த பூட்சு சரளைக்கல்லை நசுக்கும் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. சத்தம் தாண்டத் தாண்டப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். ரோட்டில் யாருமில்லை.

ஞானரட்ணம் நடையைக் கூட்டினார். தொரைமார் ஓடக்கூடாது.

வளைவில் விறகுக்கட்டோடு வந்த பழனியாண்டிக் கிழவர் அவரைக் கண்டதும் கானுக்குள் இறங்கினார். அவர்தான் பங்களாவுக்கு விறகு போடுகிறவர். ஞானரட்ணம் தாண்டினார். கிழவர் குனிந்தபடியே நின்றார்.

"என்னாப்பா, நான்தான் தாண்டிட்டேன்ல?"

"சத்தம் போடாதீங்கய்யா. தொரை இன்னும் வரணும்."

"நான்தான்யா தொரை!"

"நீங்க வெறும் கோட்டுங்க." கிழவரின் பார்வை கான் தண்ணீரிலேயே இருந்தது. "எறங்கிருங்கய்யா. அவருக்கு ரோட்டுல இன்னொரு தொரை நிக்கக்கூடாது. போன மழையில ஒருத்தரு எறங்க மாட்டேனுட்டாரு."

"அப்பறம்?"

கிழவர் இன்னும் தாழக் குனிந்தார். சரளைச் சத்தம் வளைவு திரும்பியது.

ஒரு விறகுக்காரன் பக்கத்தில் போய்க் கானில் நிற்பதா? ஞானரட்ணம் நடந்தார். பின்னால் பூட்சும் நடந்தது. நின்றார். நின்றது. சுருட்டு வாடை பிடரியில் சூடாகப் பட்டது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம். பித்தான்கள் விறைத்திருந்தன. விரல்களும்.

பங்களா வாசலில் வெளிச்சம்.

ஐவி குடையோடு அவரைத் தேடி வந்துகொண்டிருந்தாள். போதகரின் மகள். கல்யாணத்தன்று மாமனாருக்கே குனியாதவள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

சிரிப்பு போயிற்று.

குடையை மடக்கினாள். சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கானுக்குள் இறங்கினாள். தலை குனிந்தது.

"என்னங்க... எறங்கிருங்க."

"ஐவி, நீயுமா?"

"ஒங்க கால்ல விழுறேன். எறங்குங்க!"

ஒரு காலைத் தூக்கினார். கானில் தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தியம் ஞாபகம் வந்தது. அதைவிட, காலில் கிடந்த புதுச் சப்பாத்து ஞாபகம் வந்தது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

அவ்வளவுதான் தாமதம்.

சரளைச் சத்தம் நின்றுவிட்டது. மிகப் பக்கத்தில்.

சரிந்து கிடந்த கோட்டின் தோள்கள் மெல்ல மேலேறின. நிரம்பின. கோட்டின் இரண்டு கைகளுக்குள்ளும், அவருடைய கைகளை ஒட்டி, ஈரமான வேறு இரண்டு கைகள் நிதானமாக நுழைந்து இறங்கின. மணிக்கட்டைத் தாண்டின. அவருடைய விரல்களுக்கு இடையில் விரல்களை விட்டுப் பூட்டிக்கொண்டன.

அவர் அலறினார். வாயிலிருந்து சுருட்டுப் புகை வந்தது.

கானுக்குள் ஐவி தலை நிமிராமல், அவருடைய சப்பாத்தையே பார்த்தபடி, அவர் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னாள்:

"சலாமுங்க, தொரை."