உள்பக்கம் அடித்த ஆணிகள்

ஆணிகள் எல்லாம் உள்பக்கம் அடிக்கப்பட்டிருந்தன. இருபது வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள் கண்ணில் அது முதலில் பட்டதில் ஆச்சரியமில்லை. நல்ல பக்கம் எது, புரட்டுப் பக்கம் எது என்று பார்க்காமல் அவள் எதையும் கையில் எடுப்பதில்லை. காலையிலிருந்து அவர்கள் பிடுங்கிய மற்ற வேலிகளில் முள்கம்பியைத் தூணின் வெளிப்பக்கம் வைத்து, வளைந்த ஆணியால் அறைந்திருந்தார்கள். காட்டின் நடுவில் இருந்த இந்தக் கடைசி வேலி மட்டும் சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டது போல இருந்தது.

"பெரிய விஷயமில்லைம்மா," என்றார் சர்வேயர். ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் இந்தத் தொண்டர் குழுவைச் சேர்த்தவர் அவர். ஞாயிறுதோறும் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்து, பொதுக்காட்டில் யாருக்கும் உதவாமல் கிடக்கும் பழைய வேலிகளைக் கழற்றுவார். மான்கள் அவற்றில் சிக்கிச் சாகின்றன. "எந்தப் பக்கத்துல இருந்து தள்ளு வருமோ, அந்தப் பக்கம் கம்பியை அடிப்பாங்க. அப்பத்தான் தள்ளத் தள்ளக் கம்பி தூணோட இறுகும். மாத்தி அடிச்சா நாலு தள்ளுல ஆணி பிடுங்கிக்கிட்டு வந்துரும்."

"அப்ப இங்க உள்ள இருந்துதான் தள்ளியிருக்கு."

"மாட்டுப்பட்டியா இருந்திருக்கும்."

"வாசலைக் காணோமே சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. மேல் மூன்று வரிசைக் கம்பிகளையும் மற்றவர்கள் மதியமே சுருட்டிவிட்டார்கள்; முழங்கால் உயரத்தில் நாலு பக்கமும் ஓடிய அடிக்கம்பி ஒன்றுதான் பாக்கி. அதை அவளும் அவள் தம்பியும் முடிக்கட்டும், நாங்கள் சுருள்களை ஜீப்பில் ஏற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர் ஆட்களோடு கிளம்பினார். ஜீப் நின்ற இடம் அரை மைல் தூரம். அவர்களின் பேச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் இல்லை.

தம்பி ஒரு தூணில் சாய்ந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால், பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு இரவும் பாதிப் பகலும் மாட்டிக்கொண்டான். கை வீங்கும்வரை கதவைத் தட்டியிருக்கிறான், யாருக்கும் கேட்கவில்லை. வெளியே எடுத்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்குப் போனவன் போனவன்தான். வேலைக்குப் போகவில்லை, அறையை விட்டு வரவில்லை, கேட்டதற்கு ஒரு வார்த்தை. அவள் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் காற்றாட நாலு பேரோடு வேலை செய்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கையைப் பிடித்து இழுக்காத குறையாக இங்கே கூட்டி வந்திருந்தாள்.

"வேலியில போற ஓணானை..." என்று அவன் வாய்க்குள் முனகினான். பாதிதான் சொன்னான். அதற்கே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பேசினியே, அதுவே போதும். வேலையைப் பாருடா," என்றாள்.

வேலை சுலபமானதுதான். ஒருவர் மூலைத்தூணில் நின்று கம்பியின் முனையைக் காவல் காக்க வேண்டும், ஒருவர் தூண் தூணாகப் போய் ஆணியைப் பிடுங்க வேண்டும். முறுக்கி நிற்கிற கம்பியை வெட்டினால் அது பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும். ஆகவே மற்றவர் வேலிக்கு வெளியே வந்த பிறகுதான் வெட்டலாம். தூரத்தில் கத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால் கம்பியை இழுத்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு என்றால் ஆணி கழன்றது. இரண்டு என்றால் நில். மூன்று என்றால் வெளியே வந்துவிட்டேன், வெட்டு.

"நம்ம நூல் மாதிரியாக்கா?" என்றான் அவன்.

சின்ன வயதில் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் படுப்பார்கள். அம்மாவின் தையல் நூலை அவன் கால் கட்டைவிரலிலிருந்து அவள் கட்டைவிரலுக்கு இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். இருட்டில் இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீளமான இழுப்பு வரும். பயமா இருக்கு என்று அர்த்தம். அவள் ஒரே ஒரு நீளமான இழுப்பைத் திருப்பி அனுப்புவாள். நான் இருக்கேன். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

ஆணிகள் உள்பக்கம் இருந்ததால் அவன் உள்ளே போய்த்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு கம்பியைத் தாண்டினான். உள்ளே புல் இடுப்பளவு நின்றது, ஒரு மாடோ மானோ என்றைக்கும் மிதித்த மாதிரி தெரியவில்லை.

முதல் இழுப்பு வந்தது. இரண்டாவது தூணில் அடுத்தது. அவள் எண்ணிக்கொண்டு நின்றாள். மொத்தம் இருபத்துநாலு தூண். ஆறாவது தூணில் அவன் இருந்தபோது பனி இறங்கத் தொடங்கியது, முதலில் மரங்களின் உச்சியை, பிறகு கிளைகளை, பிறகு அவன் முதுகை, ஈரத் துணியும் துருவும் கலந்த ஒரு வாடையோடு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. ஏழு. எட்டு. அவ்வளவு நேரம் எங்கோ கத்திக்கொண்டிருந்த பறவை நிறுத்திவிட்டது. ஒன்பது. கம்பி அவள் கையுறைக்குள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறான் என்பதற்கு அந்த நடுக்கம் ஒன்றுதான் சாட்சி.

பத்து.

பிறகு எதுவும் வரவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தாள். பனி குரலை விழுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பி அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

இன்னும் பதினாலு தூண் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் களைத்திருப்பான் என்று நினைத்தாள், பனியைப் பார்த்து வெளியே வந்திருப்பான் என்று நினைத்தாள், முதல் நாளே பிள்ளையைப் போட்டு வதைக்கக் கூடாது, மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முனையை இடது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு கட்டிங் பிளேயரை வைத்து அழுத்தினாள். டங் என்ற சத்தம் தூண் தூணாகப் பனிக்குள் ஓடியது. எங்கேயோ, நடுவில், நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது போல இருந்தது.

"அக்கா."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஜீப் பாதையிலிருந்து. தம்பி இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டே நடந்து வந்தான்.

"என்னா குளிருக்கா. பசி வேற உயிர் போகுது. ஜீப்ல பிஸ்கட் இருக்குமா? இல்லைன்னா போற வழியில எங்கயாவது நிறுத்தச் சொல்லு." சிரித்தான். "நாளைக்கு வேலைக்குப் போலாம்னு இருக்கேன். எத்தனை நாள்தான் உன் சோத்தைத் தின்னுக்கிட்டு உட்கார்றது?"

எட்டு மாதம். அவள் வேண்டாத தெய்வமில்லை. பழைய தம்பி பழைய சிரிப்போடு எதிரில் நின்றான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவி மகனே, இதற்குத்தானே காத்திருந்தேன் என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது.

"கையுறை எங்கடா?"

"இனிமே எதுக்குக்கா அது?"

இடது கையில் கம்பி அசைந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். கம்பி தூண்களை ஒட்டிப் போகவில்லை. வெட்டிய முனையிலிருந்து நேராக உள்ளே போனது. புல்லுக்குள். நடுவை நோக்கி. விறைப்பாக.

இரண்டு சின்னது. ஒன்று நீளம்.

"காத்துக்கா," என்றான் அவன்.

ஒரு புல் அசையவில்லை.

இரண்டு சின்னது. ஒன்று நீளம்.

"தம்பி." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சின்ன வயசுல கால்ல நூல் கட்டிக்குவோமே. ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். அதுக்கு என்ன அர்த்தம்?"

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். "எந்த நூல்?"

கம்பியை இழுக்க வேண்டும். ஒரே ஒரு தடவை. நீளமாக. உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். இந்த முறை யாருக்கோ கேட்டுவிட்டது என்று தெரிய வேண்டும். கையைத் தூக்கினாள்.

அவன் கை அவள் கைமேல் வந்து அமர்ந்தது. ஜில்லென்றிருந்தது. உள்ளங்கை முழுக்கத் துளைகள். முள்கம்பியின் முள் குத்திய துளைகள், வரிசை மேல் வரிசையாக, ஆறி, காய்ந்து, மறுபடி குத்தி, மறுபடி ஆறியவை. தள்ளித் தள்ளி வந்தவை.

"விடுக்கா. நான்தான் வந்துட்டேனே."

அவள் விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். பொறுமையாக. கம்பி நழுவியது. வெட்டிய முனை புல்லுக்குள் கொஞ்சம் ஊர்ந்து போய் நின்றது.

"வா. பசிக்குது."

அவன் அவளைப் பாதைப் பக்கம் நடத்தினான். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பனியின் விளிம்பில், கைக்கு எட்டாத தூரத்தில், கம்பியின் முனை துடித்தது.

இரண்டு சின்னது. ஒன்று நீளம். பிறகு, பதிலுக்காக, அசையாமல் காத்திருந்தது.