புடவுக்குள் ஒரு காத்தாடி விளக்கு

“இப்ப உள்ள போறது புத்தி இல்லீங்க அம்மிணி! மேமலையில மழை கொட்டுது. ஓடைத்தண்ணி எந்நேரமும் உள்ள ஏறும்!” என்றார் வனக்காவலர் நஞ்சப்பன்.

“தண்ணி ஏறுனா உள்ள இருக்கற எங்கண்ணன் என்னங்க ஆவான்? அத முதல்ல சொல்லுங்க!” என்றாள் கோகிலவாணி.

கோயம்புத்தூரில் பம்புசெட்டுப் பட்டறை நடத்துகிறவளிடம் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தினால் நடக்குமா? நஞ்சப்பன் பெருமூச்சு விட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மலைக்குகையை அந்தப் பக்கத்தில் புடவு என்பார்கள். இந்த நரிப்புடவுக்கு வரைபடம் போடுகிறேன் என்று அவள் அண்ணன் மருதாசலம் நண்பர்களோடு முந்தின நாள் உள்ளே போனான். பெரிய கூடத்தில் கால் வழுக்கி இருட்டுக்குள் விழுந்தான். நண்பர்கள் அடித்த டார்ச்சுகளின் வெளிச்சம் எதிர்ச்சுவரைத் தொடவே இல்லை. குரல் மட்டும் கேட்டது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன எதிரொலியில் அது எந்தத் திசை என்று யாருக்கும் புரியவில்லை!

கோகிலா கையில் இருந்தது, அண்ணனும் தங்கையுமாகச் சண்டை போட்டுச் சண்டை போட்டுச் செய்த விளக்கு. பேய் வெளிச்சம்! ஆனால் ஒரே நிமிஷத்தில் தோசைக்கல்லாகக் காயும். வெந்துபோகாமல் இருக்கத் தானாகவே மங்கிவிடும். அதற்காகப் பின்னால் அலுமினியத் தகடுகளை அடுக்கி, நடுவில் ஒரு குட்டி ஃபேன் வைத்தார்கள். ஃபேன் வைத்தால் காற்றோடு தண்ணீரும் புகுமே! பல்பையும் வயர்களையும் தனி அறையில் போட்டுச் சொட்டு நீர் புகாமல் அடைத்தார்கள். பேட்டரியோ முதுகுப் பையில். இதற்கே எத்தனையோ பல்பு கருகியது.

கூடத்தின் விளிம்புக்கு வந்ததும் கோகிலா சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் ‘வ்ர்ர்ர்’ என்று இரைந்தது. எதிர்ச்சுவர் பளீரென்று தெரிந்தது. அம்மாடி! சுவர் முழுக்கப் பொந்துகள்!

“அண்ணா!”

“ஃபேன நிறுத்துங்க அம்மிணி, ஒண்ணுங் கேக்கல!” என்றார் நஞ்சப்பன்.

நிறுத்தினால் விளக்கு மங்கியது. ஓட்டினால் குரல் அமுங்கியது. கேட்பதா, பார்ப்பதா? இதை அவர்கள் பட்டறையில் யோசிக்கவே இல்லை. “பாக்கலாம்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொந்து பொந்தாகத் தேடினாள்.

திடீரென்று ஃபேன் ஓடும்போதே வெளிச்சம் மங்கியது. புறங்கையை வைத்துப் பார்த்தாள், சுட்டது! ஃபேனின் வாயைத் திருப்பிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். கிணற்றுக்குள் இறங்கும் குழாய் வாயில் குப்பை புகாமல் சல்லடை வைப்பது பம்புக்காரர் வழக்கம். அதே கைப்பழக்கத்தில் ஃபேனுக்கும் சல்லடை வைத்திருந்தார்கள். வௌவால் எச்சத் தூள் அதில் அப்பி, காற்று போக வழியே இல்லை!

“நம்ம புத்திய செருப்பால அடிக்கோணும்!” என்று சல்லடையைப் பிய்த்து எறிந்தாள். வெளிச்சம் மறுபடி சீறியது. ஆனால் இப்போது தூள் நேராக ஃபேனுக்குள்ளேயே போயிற்று. கொஞ்ச நேரத்தில் ‘கிர்ர்ரக்’ என்று சத்தம். ஃபேன் நின்றுவிட்டது.

“அம்மிணி, தண்ணி வந்துருச்சு! கெளம்பலாம்!” என்று கத்தினார் நஞ்சப்பன். கணுக்காலைச் சில்லென்று தொட்டது தண்ணீர்.

கோகிலா குனிந்து அதையே பார்த்தாள்.

“வந்துருச்சா? நல்லதாப் போச்சுங்க! போர்வெல்லுக்குள்ள மோட்டார் எப்படீங்க வேகாம ஓடுது? சுத்தித் தண்ணி இருக்கறதாலதானுங்க!”

அப்படியே ஓடைத் தண்ணீரில் உட்கார்ந்தாள். விளக்கின் கண்ணாடி மேலே பார்த்திருக்க, தகடுகளைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அடுத்த நொடி கூடமே பகலாயிற்று! ஃபேன் இரைச்சலும் இல்லை. அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் வரிசை வலது ஓரப் பொந்தில் ஒரு கை ஆடியது.

“அங்கீங்க! அங்க பாருங்க!”

நஞ்சப்பன் பாறையில் தொற்றி நகர்ந்து கயிற்றை வீசினார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கை மரத்துப்போயும் கோகிலா விளக்கை அசைக்கவில்லை. கணுக்கால் வீங்கிய மருதாசலத்தை நஞ்சப்பன் முதுகில் சுமந்து வந்தார். மூவரும் வெளியே வந்தபோது புடவின் வாயில் தண்ணீர் பொங்கி வழிந்தது. நண்பர்கள் விசிலடித்து ஓடி வந்தார்கள்.

“சல்லடை அடைச்சுக்கிச்சா?” என்பதுதான் மருதாசலத்தின் முதல் கேள்வி.

“ஆமா. பம்புக்குச் சரியா இருந்தா எல்லாத்துக்கும் சரியா இருக்கும்னு நெனச்சுட்டோம்.”

அவன் அவள் கையிலிருந்த விளக்கை வாங்கித் தடவினான். “வெளிச்சம் மங்குனப்பெல்லாம் நீ திரும்பிப் போயிட்டேன்னு நெனச்சேன் அம்மிணி.”

அதுவரை அழாத கோகிலா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, ஓவென்று அழுதாள்.

“மங்குனது வெளக்குடா அண்ணா!”